அம்மாவின் காதுக்காக மூன்று நடை

காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராம் டெஸ்ட் ஒன்று எடுக்க மூன்று நாள் லீவு போட்டவன் சென்னையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டிவி சத்தம் பக்கத்து வீடு வரை போகிறது. கேட்டால் "நீதான்டா வாய்க்குள்ளயே பேசுற" என்பார் அம்மா. சரி, பரிசோதித்துவிடலாம் என்று பெரம்பூரிலிருந்து காலை ஏழு மணிக்கே கிளம்பி ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். கவுண்டரில் ஆடியோகிராமுக்கும் சேர்த்தே பணம் வாங்கிக்கொண்டார்கள். பதினொன்றரைக்கு டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்து, "ரெண்டு பக்கமும் குறும்பி அடைச்சிருக்கு. எடுக்காம டெஸ்ட் பண்ணா தப்பாத்தான் வரும்" என்றார். ஐந்து நாள் சொட்டு மருந்து. இதை முந்தின நாள் போனிலேயே சொல்லியிருக்கலாம்.

மருந்து விட்டதும் குறும்பி ஊறி உப்பி, கேட்டுக்கொண்டிருந்ததும் கேட்காமல் போனது. அம்மா பயந்தே போனார். அப்படித்தான் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. இன்னொன்று: செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நாமாக எந்தச் சொட்டும் விடக்கூடாது, தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் கூடாது. சர்க்கரை இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அம்மாவின் ஹேர்பின்னும் நல்லெண்ணெயும்தான் குறும்பியை உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்தியிருக்கின்றன. பட்ஸும் அதே வேலையைத்தான் செய்யும்.

இரண்டாம் நடையில் சக்‌ஷன் வைத்து எடுத்துவிட்டார்கள். "ஃபேன் இவ்ளோ சத்தம் போடுதா?" என்றார் அம்மா. ஆனால் டெஸ்ட் எடுப்பவர் ஒரு மணிக்கே கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் கவுண்டரில், கட்டிய பணம் சிஸ்டத்தில் காட்டவில்லை என்றார்கள். பழைய பில் என் பர்ஸில் இருந்ததால் தப்பித்தேன். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டெஸ்ட் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சத்தம் புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அப்புறம் காதுக்குப் பின்னால் எலும்பிலும் ஒரு கருவி வைத்தார்கள். ஹெட்ஃபோனிலும் எலும்பிலும் ஒரே அளவு குறைந்திருந்ததால் பிரச்சினை உள்காதில், வயதால் வந்தது என்றார் டாக்டர். வலது காதுக்கு 45 டெசிபல் சத்தம் இருந்தால்தான் கேட்கிறது; 25 வரை இருந்தால் நார்மலாம். காது கேட்கும் மெஷின் வைக்க வேண்டும்.

அதை வாங்கும் முன் ட்ரையல் கேளுங்கள், கொடுப்பார்கள். எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை. என்னென்ன கொண்டுவர வேண்டும், எத்தனை மணி வரை ஆள் இருப்பார் என்று இந்த முறை இரண்டு தடவை போன் செய்து கேட்டாயிற்று.