டிஸ்னி வேர்ல்டு பஸ்கள்

ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறவர்கள் கோட்டையைப் படம் எடுப்பார்கள், என் கண் ஹோட்டல் வாசலில் வந்து நிற்கிற பஸ் மேலேதான். பெரும்பாலும் கில்லிக் கம்பெனியின் 40 அடி பஸ், ஓடாய் உழைக்கிற ரகம். நோவா கம்பெனியின் எல்எஃப்எஸ் மாடலும் உண்டு. ஆனால் பூங்கா மூடும்போது கூட்டம் மொத்தமாக வெளியே வருமே, அப்போது கைகொடுப்பது நியூ ஃபிளையர் கம்பெனியின் 60 அடி ஆர்டிகுலேட்டட் பஸ், அதாவது நடுவில் துருத்தி மாதிரி மடிப்பு வைத்தது. திருப்பத்தில் அந்த மடிப்புக்குள் நின்று பாருங்கள், காலடியில் வட்டத் தட்டு மெல்லத் திரும்பும்.

எல்லாமே தாழ்தள வண்டிகள், வாசலில் படியே கிடையாது. காற்றை இறக்கி முன்பக்கம் கொஞ்சம் குனியும், சாய்தளம் விரியும், சக்கர நாற்காலி நேராக உள்ளே போய்விடும். படிக்கட்டு வைத்த பழைய ஆர்டிஎஸ் மாடல் வண்டிகளை ஓரங்கட்டியதில் எனக்கு வருத்தமே இல்லை. அப்புறம், டிக்கெட்டும் இல்லை, ஏறி உட்கார வேண்டியதுதான்.