கோவில்பட்டியிலிருந்து கெம்னிட்ஸுக்கு: பெட்டி கட்டும் நாட்கள்

ஆகஸ்ட் 30, 2025, சனி

ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் படிக்கப் போகிறேன். விசா ஒட்டிய பாஸ்போர்ட் நேற்று கூரியரில் வந்து சேர்ந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துத் திருநீறு பூசப் போனார். பாஸ்போர்ட்டில் கறை படக்கூடாது என்று பிடுங்கி வைத்தேன். உறை மேல் பூசிக்கொண்டார்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விசாவை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். அவர் பயம் நியாயமானது. கல்லூரிச் சான்றிதழ்களில் நான் முன்னெழுத்தோடு இருக்கிறேன். பாஸ்போர்ட்டிலோ அந்த ஒற்றை எழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்து, குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்திருக்கிறோம். பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல்கள் எல்லாம் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னை விளிக்கின்றன. அவருக்கு அதில் ஏக சந்தோஷம், வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும்.

செப்டம்பர் 3, புதன்

இன்று முழுக்கக் காகித வேலை. ஜெர்மனி என்றதும் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கென்னவோ கோப்புகளின் நாடாகத்தான் தெரிகிறது. சேர்க்கைக் கடிதம், மதிப்பெண் பட்டியல்கள், ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருவது; இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து இது இல்லாமல் விசா விண்ணப்பமே நகராது), காப்பீடு, பிளாக்டு அக்கவுண்ட் உறுதிக் கடிதம். அந்தக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டாக வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் நம் கைக்கு வரும். நம் காசை நமக்கே சம்பளம் போலத் தருகிறார்கள் என்றார் அப்பா.

பணம் அனுப்பியபோது 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 5 சதவீதம் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடித்தார்கள். கல்விக் கடனிலிருந்து அனுப்பியிருந்தால் அது கிடையாது. எங்கள் பணத்தில் பெரும்பகுதி சேமிப்பும் ஆச்சியின் நகையும். வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம் என்பதால் அப்பா அந்த ரசீதைத் தனி உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறார். தீப்பெட்டி ஆலைக் கணக்கர் வேறு எப்படி இருப்பார்?

செப்டம்பர் 7, ஞாயிறு

சாப்பாட்டுச் சாமான் பட்டியலை அம்மா போட்டார், நான் அடித்தேன். அம்மா திரும்ப எழுதினார்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. ஆக, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா போயிற்று. வீட்டில் உருக்கிய நெய்யும் போயிற்று. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், யார் வாங்குவது? காயவைத்துப் பொடியாக்கிக் கொள்ளலாம் என்று முடிவானது. இவ்வளவு கறாரான அதே விதிமுறையில், மீன் மட்டும் ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. கருவாடும் அதில் அடக்கம். படித்துக் காட்டினேன். அம்மா நம்பவில்லை. “பாலை வேண்டாம் என்கிறவன் கருவாட்டையா உள்ளே விடுவான்?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். ஆச்சி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடலை மிட்டாய்க்குத் தடையில்லை. வெல்லமும் கடலையும்தானே. ஆனால் எங்கள் ஊரின் இன்னொரு சரக்கான தீப்பெட்டியைப் பெட்டியில் வைக்க முடியாது. “பக்கத்தூர் சிவகாசிச் சரக்கும் ஏறாது, நம் சரக்கும் ஏறாது, கடலை மிட்டாய்தான் மானத்தைக் காப்பாற்றுகிறது” என்றார் அப்பா.

செப்டம்பர் 11, வியாழன்

குக்கர். இதைப் பற்றி மட்டும் வீட்டில் மூன்று கட்சிகள். அம்மாவுக்கு ஐந்து லிட்டர், அப்பாவுக்கு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்ற கட்சி, எனக்கு மூன்று லிட்டர். கெம்னிட்ஸில் ஏற்கெனவே படிக்கும் அக்காவிடம் கேட்டேன். விடுதி அடுப்பைப் படம் எடுத்து அனுப்பினார்: கேஸ் கிடையாது, தட்டையான மின் அடுப்பு. சில இடங்களில் இண்டக்‌ஷன் என்பதால் சாதாரண அலுமினியக் குக்கர் பாத்திரமாகக்கூட உதவாது, எவர்சில்வரில் அடிப்பகுதி தட்டையாக இருப்பதாகப் பார்த்து வாங்கு என்றார். தாளிக்கும்போது ஜன்னலைத் திற, புகையுணர்வி அலறும் என்றும் எச்சரித்தார். கடுகு வெடிக்கும்போதெல்லாம் ஒரு கையை ஜன்னல் மேல் வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

மூன்று லிட்டர் வாங்கியாயிற்று. உள்ளே காலுறைகளும் மல்லிப்பொடிப் பொட்டலங்களும். விசில் வெயிட்டைத் துணியில் சுற்றி நடுவில் செருகினேன். கேஸ்கட் இரண்டு உபரி. அங்கே கிடைக்காத பொருள் என்று நான் மனதார ஒப்புக்கொள்வது இதை மட்டும்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

புதன்கிழமை புரட்டாசி பிறக்கிறது. அதன்பின் ஒரு மாதத்துக்கு இந்த வீட்டுக்குள் கருவாடு நுழையாது. ஆகவே இன்றைக்கே ஆச்சி தூத்துக்குடியிலிருந்து வந்த நெத்திலியை முற்றத்தில் உட்கார்ந்து ஆய்ந்தார். ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, வயிற்றை நகத்தால் கீறி, மணலை உதறி, முறத்தில் போட்டார். பார்வை மங்கிய பிறகும் அந்தக் கட்டை விரல் தடுமாறவில்லை. பிறகு மண் சட்டியில் எண்ணெய் இல்லாமல் மொறுமொறுப்பாகும்வரை வறுத்தார். ஆறியதும் மூன்று உறைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, இறுக மூடும் டப்பாவில் அடைத்தோம். அப்படியும் வாசம் டப்பாவைத் தாண்டி வருகிறது. அம்மா என் சுடிதார்களை எல்லாம் அடுத்த பெட்டிக்கு மாற்றிவிட்டார்.

செப்டம்பர் 18, வியாழன்

பெரிய மாமா வந்தார். பழைய கம்யூனிஸ்ட். நான் போகும் ஊர் 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் பெயரில் இருந்தது என்பது தெரிந்ததிலிருந்து அவருக்கு என் படிப்பின் மீது தனி அக்கறை. நகர நடுவில் ஏழு மீட்டருக்கு மேல் உயரமான மார்க்ஸின் வெண்கலத் தலை இன்னும் நிற்கிறது, பீடத்தோடு சேர்த்தால் 13 மீட்டர். பெயரை மக்கள் வாக்களித்து மாற்றிவிட்டார்கள், தலையை விட்டுவிட்டார்கள். “அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு, மற்றதெல்லாம் அப்புறம்” என்றார். படிப்பு எம்பெடட் சிஸ்டம்ஸ் என்றேன். அது என்னவென்று கேட்கவில்லை.

மாத்திரைகள், மருத்துவர் சீட்டு, உபரி மூக்குக்கண்ணாடி வைத்தாயிற்று. கனத்த குளிர் கோட்டு வாங்கவில்லை. அந்தக் குளிருக்கானது அந்த ஊர்க் கடையில்தான் சரியாக இருக்கும். திருப்பூர் உள்ளாடையும், பெரிய பைகள் வைத்த ஒரு மழைக்கோட்டும் போதும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. காலையில் தர்ப்பணம், மாலையில் தராசு. பழைய பேப்பர் கடைக்காரரின் கொக்கித் தராசை அப்பா இரவல் வாங்கி வந்து நிலைக்கம்பியில் மாட்டினார். பெட்டிக்கு 23 கிலோ, இரண்டு பெட்டி, கைப்பை எட்டு. முதல் பெட்டி 25 காட்டியது. அந்தக் கடைத் தராசு எப்போதும் குறைத்துத்தான் காட்டும் என்பது தெருவே அறிந்தது; அப்படியானால் உண்மையில் எவ்வளவு? அடுத்த தெருவிலிருந்து டிஜிட்டல் தராசு வந்தது. 25.6.

இட்லிப் பொடி பாதியானது. ஊறுகாய் ஒரு பாட்டில் வெளியேறியது. அகராதியை நானே எடுத்தேன். ஐந்து கிலோ அரிசியை அம்மா துணிக்கடியில் வைத்திருந்தது இந்த நேரத்தில்தான் வெளிப்பட்டது. அரிசி அங்கே கிடைக்கும் என்றேன். “கிடைக்கும், இட்லி அரிசியா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் எடுத்துவிட்டேன். பவர் பேங்க் கைப்பைக்கு மாறியது, கோப்பும் கைப்பையில்தான். அங்கே குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகராட்சியில் பதிய வேண்டும். அதற்கு விடுதி தரும் உறுதிச் சான்றை வைக்க இப்போதே ஒரு காலி உறை.

செப்டம்பர் 22, திங்கள்

விமானம் புதன்கிழமை சென்னையிலிருந்து. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம் என்பதால் ஆச்சி இன்றைக்கே ரயிலேறச் சொல்லிவிட்டார். புதன்கிழமை அந்த விமானம் வடமேற்கே பறக்கப்போவதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பெட்டிகளைப் பூட்டி, சாவியை மாட்டிய பிறகு மாமா கடலை மிட்டாயோடு வந்து நின்றார். அங்குள்ள தோழர்களுக்காம். எனக்கு அங்கே தோழர்கள் யாரும் இல்லை என்றேன். கொடுத்தால் ஆகிவிடுவார்கள் என்றார். பெட்டியை மறுபடி திறக்க அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. மழைக்கோட்டின் இரண்டு பைகளிலும் திணித்துக்கொண்டு, செப்டம்பர் வெயிலில் அதையே போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.