கப்பல் முகப்பு: எனாமல் கைக்கடிகார நாட்குறிப்பு

மார்ச் 4

1950-களின் கைக்கடிகாரம் ஒன்று விற்பனைக்கு வருகிறது. முட்கள் சுற்றும் அதன் முகப்பு குளோசனே, அதாவது கம்பி வளைத்துச் செய்யும் எனாமல் (உருக்கிய நிறக் கண்ணாடிப் பூச்சு) வேலை. பாய்மரக் கப்பல், பின்னால் நீலமும் பச்சையும் கலந்த கடல். வந்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அலைகளில் ஒரு வளைவு போல இன்னொன்று இல்லை. கை வேலைதான்.

படத்தின் கோடுகளை மெல்லிய தங்கக் கம்பியாக வளைத்து நிறுத்துவார்கள். நடுவே உண்டாகும் சின்னச் சின்ன அறைகளில் நிறக் கண்ணாடித் தூளை நிரப்பி, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். உருகியதும் தூள் வற்றி இறங்கிவிடும். மறுபடி நிரப்பி மறுபடி சுட வேண்டும், கம்பியின் மட்டத்துக்கு நிறம் வரும்வரை. கடைசிச் சூட்டில் ஒரு குமிழி கிளம்பினாலும் அதுவரை செய்த வேலை அத்தனையும் போச்சு. இந்த முகப்புகள் அரிதாக இருப்பதற்கு முதல் காரணம் சூளைதான், விளம்பரம் இல்லை.

மார்ச் 9

நேரில் பார்த்தாயிற்று! 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி), பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த வெளிச்சம். நேர் வெளிச்சத்தில் எல்லா முகப்பும் அழகுதான், குறை தெரியாது. சாய்த்ததும் 8 மணிப் பக்கம் விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் மயிரிழை விரிசல் ஒன்று தெரிந்தது. அப்புறம் புற ஊதா விளக்கு. முகப்பு முழுக்க ஒரே சீர். எங்கும் திட்டாக ஒளிரவில்லை. யாரும் பிசின் வைத்துப் பூசவில்லை என்று நம்பலாம்.

அதே விற்பனையாளரிடம் இன்னொன்று இருந்தது: ஷான்லெவே. அதில் கம்பி கிடையாது, உலோகத்தையே குடைந்து பள்ளத்தில் எனாமல் நிரப்புவார்கள். ஒரு கீறல்கூட இல்லை, "அப்படியே அசல்" என்றார். விளக்கை அடித்ததும் பூவிதழ் ஒன்று தனியாகப் பளிச்சென்றது. சுடாத பிசின் நிறம். சொல்லாமல் விற்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

மார்ச் 10

விரிசலைப் பற்றியே யோசனை. சூளையிலிருந்து எடுத்ததும் உலோகம் ஓர் அளவில் சுருங்கும், கண்ணாடி வேறோர் அளவில். அந்த இழுவையைச் சமன்படுத்தத்தான் முகப்பின் பின்புறமும் எனாமல் பூசிச் சுடுகிறார்கள். ஆகவே பின்புறம் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. பழுது பார்ப்பவரை வைத்து முகப்பைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். பின்பூச்சு முழுசாக இருக்கிறது, முகப்பின் கால்களும் (இயந்திரத்தோடு பொருத்தும் சின்னக் கம்பிகள்) உறுதி. விரிசல், அந்தக் கால்களில் ஒன்று இருக்கும் இடத்தின் நேர்மேலே தொடங்குகிறது. முகப்பைப் பொருத்தும்போது யாரோ அழுத்தியிருக்க வேண்டும்.

மார்ச் 15

இந்த வேலை செய்த கைகளுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. முகப்பில் இருப்பது கடிகார நிறுவனத்தின் பெயர். இத்தனைக்கும் 1932-இல் பதேக் பிலிப் என்ற சுவிஸ் கடிகார நிறுவனத்தை வாங்கிய ஸ்டெர்ன் குடும்பமே முகப்புத் தொழிலிலிருந்து வந்ததுதான். 1953-இல் அவர்கள் கொண்டுவந்த 2523 என்ற மாடல் எண்ணுள்ள உலக நேரக் கடிகாரங்களில் சிலவற்றின் நடுவே கண்டங்களின் வரைபடம் குளோசனேயில் இருக்கும். சேகரிப்பவர்கள் மாடல் எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். வரைந்தவர் யார் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

அதனால்தான் 2017-இல் ஜெனீவா கடிகார விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு எனாமல் கலைஞர்கள் சுசான் ரோருக்கும் அனிதா போர்ஷேவுக்கும் போனது எனக்குப் பெரிய விஷயம். போர்ஷே, ரோரிடம் கற்றவர். வேலை கைக்குக் கை மாறித்தான் பிழைத்திருக்கிறது.

மார்ச் 22

வாங்கிவிட்டேன். நண்பர் ஒருவருக்குச் சம்மதமில்லை. விரிசல் இருந்தால் மதிப்புக் குறையும் என்கிறார். குறையட்டும். தெரிகிற விரிசலோடு இருப்பது, மறைத்துப் பூசியதைவிட எனக்கு மேல். மீண்டும் சுட்டுச் சரிசெய்யலாம் என்றும் ஒருவர் சொன்னார். பழைய நிறம் மாறலாம், புது விரிசல் விடலாம். அந்தப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டேன். பழுது பார்ப்பவரிடம் சொன்னது: இயந்திரத்தை மட்டும் சுத்தம் செய்யுங்கள், முகப்பு மீயொலித் தொட்டிக்குள் (ஒலி அதிர்வால் அழுக்கெடுக்கும் தொட்டி) போகக் கூடாது.

அணிவாயா என்று கேட்கிறார்கள். அணிவேன், கைக்கு அதிர்ச்சி வராத நாட்களில். விரிசலை லூப் வழியே படமெடுத்து வைத்திருக்கிறேன். வருஷம் ஒருமுறை ஒப்பிட்டால் வளர்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்துத் தேட நினைப்பது கிரிசாய்: கறுப்பு எனாமலின் மேல் லிமோஜ் வெள்ளை என்னும் வெள்ளை எனாமலை அடுக்கடுக்காக வைத்துச் சுடும் முறை. வெள்ளை மெலியும் இடமெல்லாம் சாம்பல் நிழலாகும். நல்ல துண்டு கண்ணில் பட்டால் எழுதுகிறேன்.