பழைய ஆக்சஸ், புதிய கணினி: வேலைக் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில், அரிசி மண்டி ஒன்றுக்கு நான் முன்பு எழுதிக் கொடுத்த கணக்கு நிரல், புதிய கணினிக்குப் போன அன்றே படுத்துவிட்டது. ‘ப்ராஜெக்டையோ லைப்ரரியையோ காணவில்லை’ என்று புலம்பியபடி ‘டேட்’ என்ற சொல்லின் மேல் நீலம் பூசி நிற்கிறது. இன்றைய தேதியைக் கேட்டது ஒரு குற்றமா? அரை நாள் அந்த வரியையே நோண்டினேன். அதை நீக்கினால் அடுத்து ‘லெஃப்ட்’ மாட்டிக்கொள்கிறது.

மாலையில்தான் டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்ஸஸைத் (நிரல் பயன்படுத்தும் லைப்ரரிகளை டிக் போட்டுக் காட்டும் பட்டியல்) திறக்கத் தோன்றியது. பட்டியலில் ‘மிஸ்ஸிங்’ என்று தொடங்கும் ஒரே ஒரு வரி: கோப்பு திறக்கும் சன்னலுக்காக நான் சேர்த்திருந்த காமன் டயலாக் கன்ட்ரோல். அது தொலைந்ததில், ஆக்சஸின் நிரல்மொழியான விபிஏவுக்கு ‘டேட்’, ‘லெஃப்ட்’ என்ற தன் வீட்டுப் பிள்ளைகளின் பெயரே மறந்துவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

அந்தக் கன்ட்ரோல் 32 பிட் ஓசிஎக்ஸ், அதாவது வெளியிலிருந்து சேர்க்கும் துணைக் கோப்பு. புதிய கணினியில் இருப்பதோ 64 பிட் ஆஃபீஸ்; தலைகீழாக நின்றாலும் ஏற்றாது. ரெஃபரன்ஸஸில் அதன் டிக்கை எடுத்துவிட்டு, ஆக்சஸின் சொந்த ஃபைல்டயலாக்கை வைத்தேன்.

கையோடு எல்லாவற்றையும் புதிய கோப்புக்கு மாற்றினேன். உடனே அடுத்த வம்பு: கோப்புகளைக் கையாள ‘ஆஸ் ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்’ என்று எழுதிய இடத்தில், இப்படியொரு வகையே கிடையாது என்கிறது. டேபிள், ஃபார்ம், மாட்யூல் எல்லாம் இம்போர்ட்டில் வந்துவிடும். ரெஃபரன்ஸ் டிக்குகள் வராது. அந்த வகை இருக்கும் லைப்ரரியான மைக்ரோசாஃப்ட் ஸ்கிரிப்டிங் ரன்டைமுக்கு டிக் போட்டதும் அடங்கியது.

மார்ச் 6, வியாழன்

ஸ்கிரிப்டிங் ரன்டைம் விண்டோஸோடு வருவது. அந்த டிக்கை அப்படியே விட்டிருக்கலாம். சூடு கண்ட பூனை நான். ‘ஆஸ் ஆப்ஜெக்ட்’ என்று மாற்றி, நிரல் ஓடும்போது மட்டும் கிரியேட்ஆப்ஜெக்ட் மூலம் அழைத்து, டிக்கை எடுத்தேன். புள்ளி வைத்ததும் விழும் உதவிப் பட்டியல் போயிற்று. அதைவிட மோசம், கோப்பைப் படிக்கத் திற என்று சொல்லும் ‘ஃபார்ரீடிங்’ என்பதற்குப் பொருளே இல்லாமல் போயிற்று. கோப்பைத் திறக்கும் வரியில் பிழை எண் 5. அந்த மாறிலிகளும் அதே லைப்ரரியில்தான் இருந்தன. படிக்க 1, எழுத 2, கடைசியில் சேர்க்க 8 என்று நானே அறிவித்தேன்.

மாறிகளை முதலிலேயே அறிவிக்கச் சொல்லும் ‘ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்’ இருந்திருந்தால் ஓடுவதற்கு முன்பே காட்டிக்கொடுத்திருக்கும். எல்லா மாட்யூலின் தலையிலும் அதை ஒட்டினேன். அடுத்த நொடி, பில் மாட்யூலில் ஒரு வரி நீலமானது. தள்ளுபடியைக் கழிக்கும் இடத்தில் மாறியின் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறேன். அப்படியென்றால் இத்தனை நாளும் அங்கே கழிந்தது பூஜ்யம்.

நாளைக் காலை மண்டிக்காரரைப் பார்க்க வேண்டும்.