உலாஸ்ஸாய்: மலையைக் கட்டிப்போட்ட ஊர்

இத்தாலியத் தீவான சார்டினியாவின் தெற்கு முனையில் உள்ள கால்யாரியிலிருந்து கிழக்குக் கரைச் சாலையான எஸ்.எஸ். 125-இல் வடக்கே போனால், உலாஸ்ஸாய் சேர இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஜெர்ஸு ஊரின் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டியதும் ஒரே கொண்டை ஊசி வளைவுகள். பாறை மறைப்பதால் எதிரே வருவது தெரியாது. ஹாரன் அடித்துக்கொண்டே திரும்புங்கள், ஆடுகள் குறுக்கே நிற்கும். செங்குத்தான சுண்ணாம்புப் பாறைச் சுவர்களின் அடியில், சுமார் 775 மீட்டர் உயரத்தில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மக்கள்தொகை 1,500-க்கும் கீழே.

பலர் இங்குள்ள சு மர்மூரி குகையைப் பார்த்துவிட்டு அப்படியே கடற்கரைக்கு இறங்கிவிடுகிறார்கள். அண்ணாந்து அந்தப் பாறைகளைப் பார்த்துவிட்டு ஊருக்குள் நுழைந்தால்தான் இந்த ஊர் பிடிபடும். 1861-இல் மலைச்சரிவு ஒரு வீட்டை நொறுக்கியது. பிழைத்த ஒரு சிறுமியின் கையில் நாடா ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். 1951 அக்டோபரில் நாள்கணக்கில் கொட்டிய மழையில் பக்கத்து ஊர்களான காய்ரோவும் ஓசினியும் வாழ முடியாத இடங்களாகிவிட்டன. காய்ரோக்காரர்கள் சிலர் மேலே புது ஊர் கட்டினார்கள், சிலர் கடலோரக் கார்தேதுவுக்கு இறங்கினார்கள். கூரை போன பழைய காய்ரோவுக்குக் காரிலேயே போகலாம். சுவர்கள் ஆட்டம் கண்டிருப்பதால் தெருவில் நின்று பார்ப்பதோடு சரி.

சிறுமியின் நாடா மலையேறிய கதைக்கு வருவோம். மரியா லாய் 1919-இல் இந்த ஊரில் பிறந்த ஓவியர். போரில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் செய்து தரும்படி ஊர்த் தலைவர் கேட்டபோது, உயிரோடு இருப்பவர்களுக்கு ஏதாவது செய்யலாம் என்றார் அவர். வீட்டுக்கு வீடு நாடா கட்டி, கடைசியில் மலையோடு ஊரையே பிணைத்துவிடுவது என்பது யோசனை. உடனே எதிர்ப்பு: பேச்சுவார்த்தை இல்லாத வீட்டோடு எப்படி நாடாவால் இணைவது? ஒன்றரை வருடம் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பகை இருந்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவே நாடா முடிச்சில்லாமல் நேராகப் போகும். நட்பு இருந்தால் ஒரு முடிச்சு. காதல் இருந்தால், திருவிழாவுக்குச் சுடும் அலங்கார ரொட்டி ஒன்றை நாடாவில் கட்டித் தொங்கவிடலாம்.

நீல ஜீன்ஸ் துணியை ஊரே உட்கார்ந்து கீற்றுக் கீற்றாகக் கிழித்தது. மொத்தம் சுமார் 27 கிலோமீட்டர். 1981 செப்டம்பர் 8 அன்று கட்டி முடித்தார்கள். மலையேறிகள் ஒரு முனையை ஜெடிலி மலை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். சண்டையை மறைக்காமல் தெருவில் விரித்துக் காட்டியதுதான் இதில் கெட்டிக்காரத்தனம் என்பேன். எல்லோரும் கைகோத்துப் படம் பிடித்திருந்தால் மறுவாரமே மறந்திருப்பார்கள்.

நாடா இன்று இல்லை. 1956-இல் நின்றுபோன குறுகிய ரயில் பாதையின் பழைய நிலையத்தில், 2006-இல் திறந்த அருங்காட்சியகத்தில் அதன் படங்களைப் பார்க்கலாம். பிறகு நடந்தே சுற்றுங்கள். ஊரார் துணி துவைத்த பொதுச் சலவைக்கூடத்தில் தலைக்கு மேலே கூரையிலிருந்து மரியா லாயின் தறி தொங்குகிறது. சிற்பி கொஸ்தான்தீனோ நிவோலாவின் நீரூற்றும் அங்கேதான், தண்ணீர் விழும் ஓசைக்காகவே செய்தது. 1971-இல் பெண்கள் தொடங்கிய நெசவுக் கூட்டுறவு இன்னும் ஓடுகிறது. மரியா லாய் வரைந்த ஆடுகளை நெய்த துண்டுகள் கிடைக்கும், விலை மலிவு கிடையாது.

சு மர்மூரி குகைக்கு வழிகாட்டியோடுதான் விடுவார்கள். ஏறத்தாழ 850 மீட்டர் நடை, போக வர ஒரு மணி நேரம். படிகள் சுமார் இருநூறு, ஈரத்தில் வழுக்கும். உள்ளே 10 டிகிரிதான். கடற்கரை உடுப்போடு வந்தவர்கள் பாதியில் நடுங்குகிறார்கள். குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள். லெகோர்ச்சி அருவியோ நேர்மாறு: மழைக்குப் பிறகுதான் விழும், ஆகஸ்டில் போனால் வெறும் பாறை.

சாப்பாட்டுக்குக் குலுர்ஜோனெஸ் கேளுங்கள். உருட்டிய மாவுக்குள் உருளைக்கிழங்கு, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, புதினா வைத்து, ஓரத்தைக் கோதுமைக் கதிர் மாதிரி பின்னி மூடியிருப்பார்கள். மாவு காய்ந்துவிட்டால் பின்னல் ஒட்டாமல் கொதிநீரில் பிரிந்துவிடும் என்பதால் உருட்டிய மாவை ஈரத்துணியால் மூடியே வைத்திருப்பார்கள். மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு வரை கடைகள் சாத்தியிருக்கும். தண்ணீரும் பெட்ரோலும் அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.