அது விசில்தானே அண்ணா?

ஆபரேட்டர் ரூமிலிருந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டில், மூன்றாவது படியில் நின்று திரும்பித்தான் தம்பி கேட்டார். "ஆஸ்பத்திரி சீன்ல பெரிய சத்தம் ஒண்ணு வந்துச்சே, அது விசில்தானே அண்ணா?"

"ஆமா தம்பி, விசில்தான்" என்றேன்.

விசில் இல்லை. சிரிப்பு.

பெயர் எழுதவில்லை. படத்தின் பெயரும் வேண்டாம். பதினைந்திலிருந்து இருபது வயதுக்குள் பிள்ளை இருக்கிற சென்னை வீடுகளில் யாரைச் சொல்கிறேன் என்று கேட்காமலே தெரிந்துகொள்வார்கள். அவருடைய பாட்டுகள் அப்படிப் பரவியவை. படம் அவருக்கு முதல் படம். பிளஸ் டூ பையனாக நடித்திருந்தார். படத்தின் மக்கள் தொடர்பு வேலையில் நான் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை 9 மணிக் காட்சியிலிருந்து தியேட்டர் விசிட். பெரம்பூரில் ஆரம்பித்துத் தாம்பரத்தில் முடிப்பதாகத் திட்டம். மொத்தம் நான்கு தியேட்டர்கள். இது நடந்தது முதல் தியேட்டரில்.

மேலே நின்றவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. ஆபரேட்டர் ரூமில் படத்தின் ஒலி சின்ன மானிட்டர் ஸ்பீக்கரில் வரும். புரொஜக்டரின் விசிறி இரைந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முந்நூறு பேர் கத்தினாலும், தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரிதான் இந்தப் பக்கம் கேட்கும். அதனால்தான் என்னைக் கேட்டார். நான் ஹாலுக்குள், பின்னாலிருந்து நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்லக்கூடியவன் அப்போது நான் ஒருவன்தான்.

நடந்தது இது. அப்பா ஐசியூவில் இருக்கிறார். பையன் வராந்தாவில் சுவரில் சாய்ந்து, சரிந்து உட்கார்ந்து அழ ஆரம்பிக்கிறான். குளோசப் முக்கால் நிமிஷத்துக்கு மேல் நிற்கும். பின்னணி இசை கிடையாது. இசை வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றவரே தம்பிதான். மிக்ஸிங் நடந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டு இல்லாம நான் நிக்கிறேனான்னு ஒரு இடத்துலயாவது பாக்கணும்ணா" என்றார். இசையமைப்பாளருக்கு வருத்தம். தயாரிப்பாளருக்குப் பயம். இருந்தும் அவர் விருப்பப்படியே விட்டார்கள்.

ஆக, ஹாலில் சத்தமே இல்லாத இடம் படத்தில் அது ஒன்றுதான். அந்த அமைதியில் முன்வரிசையிலிருந்து ஒரு பையன் குரல் கொடுத்தான். "தலைவா, அழுதது போதும், பாட்டப் போடு!"

ஹால் மொத்தமும் சிரித்தது. வன்மமான சிரிப்பு இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பத்து நிமிஷம் கழித்து அதே பிள்ளைகள்தான் செல்போன் டார்ச்சை எரியவிட்டு, பாட்டின் ஒரு வரியையும் விடாமல் திரையிலிருந்த குரலை அமுக்கிவிடும் அளவுக்குப் பாடினார்கள். நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அப்படியானால் எதைச் சொல்லியிருக்க வேண்டும்? சிரித்தார்கள் என்றா, பாடினார்கள் என்றா? அவர் கேட்டது சிரித்த இடத்தைப் பற்றி மட்டும்தான். அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன்.

என் பக்கத்து நியாயத்தையும் எழுதுகிறேன். படிக்கட்டுக்குக் கீழே தயாரிப்பாளரின் மேனேஜர் நின்றிருந்தார். வெளியே கேட்டில் ரசிகர்கள். இன்னும் மூன்று தியேட்டர்கள் பாக்கி. அந்தப் படியில் வைத்து "தம்பி, சிரிச்சாங்க" என்று சொல்லியிருந்தால் அந்த முகத்தோடு அவரை எப்படி வெளியே கூட்டிப்போவது? 2024 நவம்பரில் தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விட வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் கேட்டுக்கொண்டார்கள். முதல் மூன்று நாள் விமர்சனம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம்வரை போனார்கள், தடை கிடைக்கவில்லை. வளாகத்துக்குள் இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே பிளாட்பாரத்தில் மைக் நிற்கிறது, அவ்வளவுதான் மாறியது. முகம் வாடியிருந்தால் அதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த பெரியவர் சொல்வார்: "ரிலீஸ் அன்னிக்கு நடிகன் காதுல நல்ல வார்த்தைதான் விழணும். திங்கக்கிழமை கலெக்‌ஷன் எல்லாத்தையும் தானாச் சொல்லிடும்." பதினாறு வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். எத்தனையோ பேரிடம் "செகண்ட் ஹாஃப் பிச்சிருச்சு சார்" என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். அது ஒரு மரியாதை. தம்பி விஷயத்தில் உறுத்துவது, அவர் நம்பினார். படியில் நின்று கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார். "அம்மாகிட்ட சொல்லணும்ணா" என்றார்.

இந்தப் படம் தொடங்கிய நாளிலிருந்து ஆபீஸில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப அடிபட்டன. இசையமைப்பிலிருந்து நடிப்புக்கு விஜய் ஆண்டனி 2012-இல் வந்தார், ஜி.வி. பிரகாஷ் 2015-இல் வந்தார், ஹிப்ஹாப் ஆதி 2017-இல் காலேஜ் கதையோடு வந்தார். பாட்டில் பிடித்த கூட்டம் தியேட்டருக்கும் வரும் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை, கூட்டம் வந்தது. ஆனால் தம்பிக்கு வேண்டியிருந்தது வேறு. பாட்டுக்காக வந்த கூட்டம் பாட்டில்லாத முக்கால் நிமிஷத்தில் தன்னைப் பார்க்குமா என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் முன்வரிசைப் பையன் பதில் சொன்னான். நான் அதை மாற்றிவிட்டேன்.

இதே ஊரில் பாட்டே நடிப்பாக இருந்த காலம் ஒன்று உண்டு. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து, பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்த படம். "பாட்டப் போடு" என்று அங்கே யாரும் கத்த வேண்டியிருந்திருக்காது. பின்னணி பாடுவது வந்த பிறகு குரல் ஒருவருக்கும் முகம் ஒருவருக்கும் என்று பிரிந்துபோனது. இரண்டையும் மறுபடி ஒரே ஆளாகக் கொண்டுவந்து நிறுத்தும்போது, ஜனங்களுக்கு முதலில் ஒரு கூச்சம் வருகிறது என்று நினைக்கிறேன். காதில் இயர்போன் வைத்து, ராத்திரி போர்வைக்குள் கேட்ட குரல். அது பெரிய திரையில் மூக்கு ஒழுக அழுகிறது, பக்கத்தில் வகுப்புத் தோழர்கள் பத்துப் பேர். சிரிக்காமல் வேறு என்ன செய்வார்கள்? அந்த வயதில் நண்பர்களோடு உட்கார்ந்து அழுவது எவ்வளவு கஷ்டம்! படத்துக்கு 13 வயதுக்கு மேல் என்ற யு/ஏ சான்றிதழ். அதற்கு ஏற்ற மாதிரிதான் ஹாலும் நிறைந்திருந்தது.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. எனக்கு முன்வரிசையில் மூன்று பெண்கள், கழுத்தில் காலேஜ் அடையாள அட்டையோடு. அந்தப் பையன் கத்தியதும் நடுவில் இருந்த பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவள் "செம கிரிஞ்ச்டி" என்றாள். இவளும் "ஆமாடி" என்றாள். காட்சி மாறி, திரையில் வெயில் வந்து, அந்த வெளிச்சம் முகத்தில் விழுந்தபோது அதே துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தோழிகளுக்குத் தெரியாமல், மூக்குத்தி சரிசெய்கிற மாதிரி. சிரித்ததில் வந்த கண்ணீராக இருக்கலாம். ஆனால் அடுத்த காட்சி பாதி போன பிறகும் துடைத்தாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஏன் தம்பியிடம் சொல்லவில்லை? படிக்கட்டில் இரண்டே வாக்கியம் போதுமாயிருந்தது. "சிரிச்சாங்க தம்பி. ஆனா எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு சிரிச்சுட்டு, யாருக்கும் தெரியாம அழுதுச்சு." உண்மையாகவும் இருந்திருக்கும், அவரைக் கீழே இறக்கியிருக்கவும் முடியும். கேட்டவுடன் என் வாயில் வந்தது விசில். பதினாறு வருஷப் பழக்கம், யோசிக்க நேரம் கேட்கவில்லை.

நாலாவது தியேட்டர் தாம்பரம் பக்கம், மாலைக் காட்சி. குடும்பங்கள் நிறைய. அதே முக்கால் நிமிஷத்தில் ஹால் அசையவில்லை. எங்கோ ஒரு அம்மா மூக்கை உறிஞ்சியது கேட்டது. முடிவில் கைதட்டினார்கள். அப்போது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. காலையில் கடனாகச் சொன்னதை சாயங்காலம் அடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தம்பி இந்த முறை ஆபரேட்டர் ரூமில் இல்லை, பின்கதவு ஓரமாக ஹாலுக்குள்ளேயே நின்றார், தன் காதால் கேட்டார். வெளியே வந்து, "இங்க விசில் இல்ல, கிளாப்ஸ்" என்று மட்டும் சொன்னார். காலையில் விசில், மாலையில் கைதட்டல் என்று அவர் மனசில் பதிந்துவிட்டது.

திங்கள்கிழமை வடபழனியில் நன்றி தெரிவிக்கும் கூட்டம். எழுதிக் கொடுத்த பேச்சை முடித்துவிட்டு, தானாக மைக்கை மறுபடி வாங்கிக்கொண்டார். "மியூசிக் இல்லாத சீன் வேணாம்னு எல்லாரும் சொன்னாங்க. மார்னிங் ஷோவுலயே அதுக்கு விசில் பறந்துச்சு. ரொம்ப நன்றி" என்றார். மேடைக்குக் கீழே நான் நின்றிருந்தேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து போனது என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

அன்று ராத்திரியே வீடியோ வந்துவிட்டது. காலைக் காட்சியில் யாரோ செல்போனில் பிடித்திருக்கிறார்கள். "பாட்டப் போடு" என்ற குரலும் சிரிப்பும் முதலில், அடுத்து தம்பி நன்றி சொல்லும் முகம். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. வெறும் சிரிப்பு மட்டும் வந்திருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பார்கள். அவர் நம்பிச் சொன்னதைப் பக்கத்தில் வைத்ததால்தான் அது ஊர் முழுக்க ஓடியது.

11.40-க்குப் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அண்ணா, நீங்க உள்ளதானே உக்காந்திருந்தீங்க?"

"இருந்தேன் தம்பி. சத்தம் கலந்து இருந்துச்சு. விசிலும் இருந்துச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "சரிண்ணா, தூங்குங்க" என்றார்.

முதல் பொய்க்கு அவசரம் என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். இரண்டாவதற்கு ஒன்றும் இல்லை. வீட்டில், நாற்காலியில், யாரும் அவசரப்படுத்தாமல் சொன்னேன்.

பிலிம் நியூஸ் ஆனந்தன் 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்துக்குச் செய்த வேலையிலிருந்துதான் தமிழ் சினிமாவில் எங்கள் தொழில் தொடங்கியது என்பார்கள். மக்கள் தொடர்பாளர் என்று அழகான பெயர். படத்தைப் பற்றி மக்களுக்குச் சொல்வது என்றே நான் அதைப் புரிந்துகொண்டிருந்தேன். மக்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் நிற்பவரிடம் போவதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறதா என்று இப்போது யோசிக்கிறேன். இருக்கிறது என்றால் இந்தத் தொழிலில் யாரும் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தாக்குப்பிடிக்க முடியாது. இல்லை என்றால் அவர் ஏன் என்னைக் கேட்டார்?

என் மனைவியிடம் சொன்னேன். "இருபத்திரண்டு வயசுப் பையன், அன்னிக்கு ஒரு நாள் சந்தோஷமா இருந்தான்ல, விடுங்க" என்றாள். அவள் சொல்வதும் சரி. மூன்று நாள் சந்தோஷமாக இருந்தார், அதை நான்தான் கொடுத்தேன். அடுத்த படத்தில் அழுகிற காட்சியே வேண்டாம் என்று இயக்குநரிடம் சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ. அந்தப் பெண்ணின் துப்பட்டாவைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஒருவேளை சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை அதே தியேட்டருக்குப் போனேன். ஒரே ஒரு பகல் காட்சிதான் மிச்சம். இந்த முறை நான் ஆபரேட்டர் ரூமில் நின்றேன், தம்பி நின்ற அதே கண்ணாடி ஓரம். கீழே எண்ணிப் பார்த்தேன், பதினான்கு பேர், ஆளுக்கொரு மூலையில். வராந்தா வந்தது. சுவரில் சாய்ந்தார், சரிந்தார், அழ ஆரம்பித்தார். ஸ்பீக்கரில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. கண்ணாடியில் காதை வைத்தேன். சிரிப்பா, விசிலா, மூக்கு உறிஞ்சுவதா, எதுவும் வரவில்லை. பக்கத்தில் ஆபரேட்டர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னார்: "இன்னிக்கு ஒரு சத்தமும் இல்ல சார்."