கிழங்கு துருவும் நாட்கள்

நவம்பர் 8, 2024, வெள்ளி

என் மாமியாரை வீட்டில் எல்லோரும் ஓமா என்போம், ஜெர்மனில் பாட்டி. ஓமாவின் வீட்டுச் சாவி இப்போது என் கோட்டுப் பையில் கிடக்கிறது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். சமையல் மேடையில் ஆறு உருளைக்கிழங்கு, பக்கத்தில் துருவி, மேலே ஒரு துணி. போன வெள்ளி எடுத்துவைத்தது எடுத்துவைத்தபடியே இருக்கிறது. ஒரு கிழங்கில் முளை விட்டிருந்தது. தூக்கிப் போடக் கை வரவில்லை. துணியை மறுபடியும் போர்த்திவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 9, சனி

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி, ஜன்னலோரப் படுக்கை. ஓமாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு போய்விட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். முழுக்கப் போகவில்லை, ஒரே ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. "ஷிர்ம்." ஜெர்மனில் குடை. தண்ணீர் வேண்டுமா என்றால் குடை. வலிக்கிறதா என்றால் குடை. மகனைப் பார்த்தும் குடை. ஒவ்வொரு முறையும் வேறு குரலில், வேறு பொருளில் சொல்கிறார். நமக்குத்தான் பிடிபடவில்லை. மூளையின் இடப்பக்கம் அடைப்பு, அதனால் பேச்சும் வலக்கையும் சேர்ந்தே போயின என்று டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். அந்தத் தாளை என் கணவர் நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

வெளியே நல்ல வெயில்.

நவம்பர் 11, திங்கள்

பதினொன்றாம் மாதம், பதினொன்றாம் தேதி, காலை 11 மணி 11 நிமிடத்துக்குக் எங்கள் ஊரான கொலோனில் கார்னிவல் என்ற வேடத் திருவிழா தொடங்குகிறது. இந்த ஊர் துக்கம் விசாரிக்கிற ஊர் அல்ல. டிராம் முழுக்கக் கோமாளிகள், தேனீக்கள், ஆள் உயரத்துக்கு ஒரு வாழைப்பழம். ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வழி நெடுக வாழைப்பழம் என் தோளில் சாய்ந்து பாடிக்கொண்டு வந்தது. அதைத் தள்ளிவிடவும் தெம்பில்லை.

மாலையில் சின்னவளின் புனித மார்ட்டின் நாள் விளக்கு ஊர்வலம். காகித விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஓமா ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

நவம்பர் 15, வெள்ளி

இன்று நானே ரைபகூகன், அதாவது உருளைக்கிழங்கு அடை, செய்தேன். செய்திருக்கக் கூடாது.

கல்யாணமாகி 16 வருடம். ஊரில் இருக்கிற வெள்ளிக்கிழமை ஒவ்வொன்றிலும் மதியம் பன்னிரண்டரைக்கு ஓமா வீட்டில் அதுதான் சாப்பாடு. கத்தோலிக்கக் குடும்பம், வெள்ளியன்று கறி கிடையாது. ஆத்தூரில் எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை கறி எடுக்க மாட்டோம். வந்த புதிதில் இந்த வீட்டில் யாரும் விளக்காமலே எனக்குப் புரிந்த ஒரே சட்டம் அதுதான். பச்சை உருளைக்கிழங்கைத் துருவி, வெங்காயம் துருவி, உப்புப் போட்டு, எண்ணெய் தாராளமாக விட்டுத் தட்டையாகப் பொரிக்க வேண்டும். ஓரம் சல்லடை போல முறுகும். மேலே ஆப்பிள் கூழ். ஓமா மட்டும் கறுப்பு ரொட்டியில் சர்க்கரை பீட் பாகைத் தடவி, அதன் மேல் இதை வைத்துச் சாப்பிடுவார். பாகு பார்க்க நம் வெல்லப்பாகு மாதிரியே இருக்கும். ரைபகூகன் என்பது புத்தக ஜெர்மன். அவர் கொலோன் பேச்சில் ரீஃப்கோகே என்பார்.

இவ்வளவும் தெரியும், செய்யத் தெரியாது. ஏனென்றால் கிழங்கு துருவும் நேரத்தில் எனக்கு வேறு வேலை. "கோட்டுகள்!" என்பார் ஓமா. நடையில் தொங்கும் கோட்டுகளையெல்லாம் எடுத்துப் படுக்கையறையில் போட்டுக் கதவைச் சாத்த வேண்டும். எண்ணெய் வாடை கம்பளியில் ஏறினால் ஒரு வாரம் போகாது. நான் திரும்பி வரும்போது மாவு தயாராக இருக்கும். 16 வருடத்தில் நான் கற்றுக்கொண்டது எந்தக் கதவைச் சாத்துவது என்பதை மட்டும்தான்.

கடையில் உருளைக்கிழங்கு மூன்று வகையாக அடுக்கியிருந்தது. வெந்தாலும் கட்டியாக நிற்பது, நடுத்தரம், மாவாக உதிர்வது. நான் லிண்டா எடுத்தேன். பெயர் தெரிந்த ஒரே ரகம் அதுதான். 1974இல் வந்த ரகம். 2004இல் அந்த ரகத்தின் மேல் இருந்த உரிமை முடியும் தறுவாயில் அதன் பதிவையே விதை நிறுவனம் விலக்கிக்கொண்டது. விவசாயிகள் விடவில்லை, 2010இல் மறுபடியும் அனுமதி வாங்கிவிட்டார்கள். கிழங்குக்காக மல்லுக்கட்டிய கதை என்பதால் ஓமா அதை ரசித்துச் சொல்வார். ஆனால் லிண்டா கட்டி ரகம் என்பதை நான் யோசிக்கவில்லை. மிக்ஸியில் அடித்தேன். ஒரு முட்டை உடைத்தேன். மூன்று கரண்டி மைதா போட்டேன். அடுப்பில் போடுவதற்குள் மாவு சாம்பல் நிறமாகித் தண்ணீர் விட்டுவிட்டது. வெந்ததும் ரப்பர்.

பெரியவன் "நன்றாக இருக்கிறது" என்றான். 14 வயதில் பொய் சொல்ல இன்னும் சரியாக வரவில்லை. இவர் எதுவும் பேசாமல் ஐந்து சாப்பிட்டார்.

நவம்பர் 16, சனி

கோட்டுகளை எடுத்துவைக்க மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரி லிஃப்டில் என் மேல்தான் எண்ணெய் வாடை.

நவம்பர் 19, செவ்வாய்

தண்ணீரை விழுங்கினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடுமாம். அதனால் தண்ணீரில் ஒரு பொடியைக் கலக்கிக் கெட்டியாக்கிக் கரண்டியால் ஊட்டுகிறார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். சோள மாவுச்சத்து. கஞ்சி மாதிரி கலங்கலாக, கெட்டியாக ஒரு தண்ணீர். ஓமா அதை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை.

முட்டை போடுவீர்களா என்று காதருகில் கேட்டேன். குடை என்றார்.

நவம்பர் 22, வெள்ளி

அம்மாவிடம் போனில் அழுதேன். ஓமாவுக்காகத் தொடங்கி மாவில் போய் முடிந்தது. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குச்சிக்கிழங்கு அடை மாதிரிதானே கண்ணு? துருவியதைப் பிழிந்தாயா?" என்றார். பிழியவில்லை. "பிழிந்த பாலை என்ன செய்தாய்?" பிழிந்தால்தானே பால்.

அப்பா சேகோ ஆலையில் 22 வருடம் வேலை பார்த்தார். பள்ளி விட்டு நேரே அங்கே போவேன். குச்சிக்கிழங்கைத் தோலுரித்து அரைத்துச் சலித்தால் பால் ஒரு பக்கம் போகும், திப்பி ஒரு பக்கம் ஒதுங்கும். பால் தொட்டியில் தேங்கி நிற்கும். ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். மேல் தண்ணீரைத் திறந்துவிட்டால் அடியில் வெள்ளை வெளேரென்று மாவு, மண்வெட்டி போட்டு வெட்டி எடுக்கிற அளவுக்கு இறுகிக் கிடக்கும். அதுதான் ஜவ்வரிசி ஆகும். தேங்கிய தண்ணீரின் புளித்த வாடை அப்பாவின் சட்டையில் எப்போதும் இருக்கும். சேலம் ஜில்லாவில் பிறந்தவள் மாவுப்பாலைக் கொட்டிவிட்டு வந்து அழுகிறேன்.

மாவாக உதிரும் ரகம் ஒரு கிலோ வாங்கி வந்தேன். மிக்ஸி வேண்டாம், கைத் துருவி. நான்காவது கிழங்கில் நடுவிரல் முட்டி பெயர்ந்துவிட்டது. ஓமாவின் விரல் முட்டிகளில் இருக்கும் வெள்ளைத் தழும்புகள் நினைவுக்கு வந்தன. வெங்காயத்தை இடையிடையே துருவினால் கிழங்கு சீக்கிரம் கறுக்காது என்று அம்மா சொன்னது சரிதான். துணியில் கட்டிப் பிழிந்து, பாலைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். மேலே செம்பழுப்பில் தண்ணீர். மெதுவாகச் சாய்த்து ஊற்றினேன். அடியில் ஒரு விரல் கனத்துக்கு மாவு, அழுத்தினால் கல், விட்டால் வழிகிறது. நகத்தால் சுரண்டி எடுத்துத் துருவலோடு பிசைந்தேன். முட்டை ஒன்று. மைதா இல்லை.

ஓரம் முறுகியது. நடுவில்தான் ஆம்லெட் மாதிரி ஏதோ ஒரு மெத்து. அது ஓமாவுடையது இல்லை.

கீழ்வீட்டுக்காரர் கதவில் சீட்டு ஒட்டியிருக்கிறார். மாடிப்படியில் வாடையாம். ஓமா பொரித்தபோதெல்லாம் எங்கே போனது இவர் மூக்கு?

நவம்பர் 23, சனி

காய்ச்சல். அவருக்கு. என்னை உள்ளே விடவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

காய்ச்சல்.

நவம்பர் 27, புதன்

இறங்கிவிட்டது. இன்று என்னைப் பார்த்ததும் குடை என்றார், சிரித்துக்கொண்டு.

பெரியவனுக்கு உருளைக்கிழங்கு பற்றியே வீட்டுப்பாடம். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1756இல் எல்லோரும் கிழங்கு பயிரிட வேண்டும் என்று ஆணை போட்டார். இன்றும் போட்ஸ்டாமில் அவர் கல்லறை மேல் பூவுக்குப் பதில் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கொலோன்காரர்களுக்குப் பிரஷ்யா என்றாலே ஆகாது. "ஓமாவிடம் சொல்லாதே, பிரஷ்யாக்காரன் கொடுத்தது என்று தெரிந்தால் சாப்பிட மாட்டார்" என்றார் இவர். மூன்று வாரத்தில் முதல் முறையாக இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம்.

டிசம்பர் 1, ஞாயிறு

காப்பீட்டுக் காகிதம் தேடி ஓமாவின் அலமாரியைத் திறந்தோம். மேஜை விரிப்புகளுக்கு அடியில் ஒரு நோட்டு. ஓமாவின் அம்மாவுடையது. எண்ணெய்க் கறை படிந்த பக்கங்கள், எல்லாம் சமையல் குறிப்பு. இவர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அவருக்குப் படிக்க வரவில்லை! ஜெர்மன்காரர், பொறியாளர், சொந்தப் பாட்டியின் கையெழுத்து.

ஸ்யூட்டர்லின் என்ற எழுத்து அது. பிரஷ்யப் பள்ளிகளில் 1915 முதல் சொல்லிக்கொடுத்தார்கள். 1941இல் நாஜி அரசு நிறுத்திவிட்டது. அதற்குப் பின் வந்தவர்களுக்கு அது ஏறக்குறைய ஓலைச்சுவடிதான். "நீ படித்துப் பாரேன், உனக்கு எல்லா எழுத்தும் அந்நிய எழுத்துதானே" என்றார். கோபம் வந்தது. பிறகு, நியாயம்தான் என்று பட்டது.

டிசம்பர் 4, புதன்

இரவெல்லாம் எழுத்து. 'எ' பார்க்க 'ன்' மாதிரி இருக்கிறது. 'ஊ' தலையில் ஒரு வளைவு. 'ஸ்' இரண்டு வகை. எண்கள் மட்டும் நல்லபடி, ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் 46, 47.

போர் முடிந்த பின் வந்த அந்த 1946-47 குளிர்காலம் பற்றி ஓமா சொன்னதுண்டு. அப்போது அவருக்கு ஏழு வயது. ஊர் இடிந்து கிடக்கிறது. வீட்டுத் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போய்க் கிழங்குக்கு மாற்றி வருவார்கள். ஓடும் ரயிலில் ஏறி அவர் அப்பா கரி தள்ளிவிடுவார். 1946 டிசம்பர் 31 அன்று கொலோன் பேராயர் கர்தினால் ஃப்ரிங்ஸ், உயிர் பிழைக்கத் தேவையானதை உழைத்தோ கேட்டோ பெற முடியாதபோது எடுத்துக்கொள்ளலாம் என்று பிரசங்கத்தில் சொன்னார். அதன் பிறகு இந்த ஊரில் கரி திருடுவதற்கு 'ஃப்ரிங்ஸ் செய்வது' என்றே பெயர் வந்துவிட்டது. அப்பா திருடவில்லை, ஃப்ரிங்ஸ் செய்தார் என்று ஓமா ஒவ்வொரு முறையும் திருத்துவார்.

டிசம்பர் 6, வெள்ளி

மறுவாழ்வு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். ஆம்புலன்ஸில் நான் கூடப் போனேன். பாதி வழியில் மறுபடியும் கேட்டேன். முட்டை?

"நே."

இல்லை என்பதற்குக் கொலோன் பேச்சு. குடை இல்லை! உடனே குளிர்கிறதா என்று கேட்டேன். நே. உங்கள் பெயர் சொல்லுங்கள் என்றேன். நே.

ஒரு சொல் இரண்டாகியிருக்கிறது. அவ்வளவுதான் சொல்லலாம்.

டிசம்பர் 8, ஞாயிறு

பக்கம் 11. ரீஃப்கோகே.

கிழங்கு 2 பவுண்டு. இங்கே பவுண்டு என்றால் அரைக் கிலோ. உப்பு. அதன் பின் வரும் மூன்று வரிகளிலும் கடைசியில் ஒரே மாதிரி ஒரு சொல். ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வென் டா. 'இருந்தால்.'

வெங்காயம், இருந்தால்.
முட்டை 1, இருந்தால்.
பொரிக்கக் கொழுப்பு, இருந்தால்.

இவரை எழுப்பிக் காட்டினேன். இவர் குளிர்பதனப் பெட்டியைத் திறந்துகொண்டு நின்றார். ஓமா வீட்டில் முட்டை எப்போதும் இருக்கும், கேக்குக்கு நான்கு உடைப்பார், ஆனால் வெள்ளிக்கிழமைக் குப்பையில் ஓடு பார்த்த நினைவு இரண்டு பேருக்கும் இல்லை.

டிசம்பர் 9, திங்கள்

முட்டை இல்லாமல் நான்கு கிழங்கில் செய்தேன், நள்ளிரவில், ஜன்னல் திறந்துவைத்து. அடிமாவு மட்டுமே பிடித்துக்கொண்டது. இவர் ஒரு வாய் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 12, வியாழன்

நாளைக் காலை பத்து மணிக்கு விழுங்கும் பரிசோதனை. முதலில் நிறம் கலந்த கூழ், சரியாகப் போனால் ரொட்டித் துண்டு. தேறினால் மென்மையான சாப்பாடு தரலாம் என்று பேச்சுப் பயிற்சியாளர் சொன்னார். பொரித்ததைப் பற்றிக் கேட்டேன். மொறுமொறுப்பான எதுவும் கூடாது என்று அழுத்திச் சொன்னார். நடுப்பகுதியை மட்டும் வெட்டி ஆப்பிள் கூழில் மசித்தால்? முகத்தைப் பார்த்துவிட்டு, முதலில் பரிசோதனை முடியட்டும் என்றார்.

ஓமா வீட்டு மேடையில் இருந்த ஆறு கிழங்கையும் தூக்கிப் போட்டேன். முளை ஒரு சாண் வளர்ந்து துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. துருவியை எடுத்து வந்துவிட்டேன்.

மணி ஒன்பதுதான் ஆகிறது. கோட்டுகளை எடுத்து உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்தியாயிற்று.